பின்சீட்டுக்காரன் கட்சி

போன மாதம் பேரன் புதுக் கார் எடுத்து வந்தான். கூரை பின்பக்கமாகச் சரிந்து இறங்குகிறது. "டிசைனைப் பாருங்க தாத்தா" என்றான். பார்த்தேன், அழகாகத்தான் இருந்தது. பின்கதவைத் திறந்து ஏறினேன். நெற்றி 'ணங்'கென்று இடித்தது. உள்ளே உட்கார்ந்தாலும் தலையைக் கொஞ்சம் சாய்த்தபடிதான் கோயில் வரைக்கும் போக வேண்டியிருந்தது.

மாலையில் கடற்கரைச் சாலையில் நடக்க வரும் எங்கள் கூட்டத்தில் கார் பைத்தியங்கள் இரண்டு பேர். ஒருவர் அமெரிக்கக் கட்சி. ஜெனரல் மோட்டார்ஸின் ஹார்லி ஏர்ல்தான் அவருக்குக் குலதெய்வம். போர் விமானத்தைப் பார்த்து 1948 காடிலாக்குக்குச் சின்னதாக வால் துடுப்பு வைத்தார்கள். அது ஆண்டுக்காண்டு வளர்ந்து 1959ல் சுறாமீன் அளவுக்குப் போய்விட்டது. அந்தத் துடுப்பால் காரில் உட்கார்ந்தவருக்கு என்ன லாபம் என்று கேட்டால் நண்பருக்குக் கோபம் வரும்.

இன்னொருவர், என்னைப் போலவே பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர், சித்ரோயென் கட்சி. 1955 பாரிஸ் கார் கண்காட்சியில் வந்த 'தே எஸ்' அவருக்கு உயிர். அந்த இரண்டு எழுத்தையும் சேர்த்துச் சொன்னால் பிரெஞ்சில் 'தேவதை' என்று பொருள் வரும். முதல் நாளிலேயே சுமார் 12,000 பேர் பதிவு செய்தார்கள். அதற்கு உருவம் கொடுத்த பிளாமினியோ பெர்த்தோனி இத்தாலியில் பிறந்த சிற்பி. 1934ன் 'த்ராக்சியோன் அவான்', 1948ன் 'தெ ஷெவோ', 1961ன் 'அமி சிஸ்' எல்லாம் அவர் கை பட்டவைதான்.

இந்த இருவரும் ஒத்துப்போகும் ஒரே விஷயம், அமி சிஸ் அசிங்கமான கார் என்பது. அதன் பின்கண்ணாடி மற்ற கார்களுக்கு நேர்மாறாக உள்பக்கம் சாய்ந்திருக்கும். பள்ளிக்கு வரும் பத்திரிகையில் அந்தப் படத்தைப் பார்த்து நாங்களும் சிரித்திருக்கிறோம்.

இப்போது என் கட்சியைச் சொல்கிறேன். அந்தக் காருக்கு இட்ட நிபந்தனைகளில் ஒன்று, நீளம் 4 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது. அதற்குள்ளேயே தனி டிக்கியும் வேண்டும், பின்சீட்டில் இருப்பவருக்குத் தலை இடிக்கவும் கூடாது. கூரையைப் பின்சீட்டின் தலைக்கு மேல் கடைசி வரை நீட்டி, கண்ணாடியை உள்பக்கம் சாய்த்தால்தான் கணக்குச் சரியாக வந்தது. நாங்கள் சிரித்தது பின்சீட்டுக்காரனுக்காக ஒருவர் யோசித்ததைப் பார்த்து.

1966ல் பிரான்சில் மிக அதிகமாக விற்ற கார் அதுதான். "பெரும்பாலும் ஸ்டேஷன் வேகன்தான் விற்றது, அதில் உங்க சாய்ந்த கண்ணாடி கிடையாதே" என்று நண்பர் குறுக்கிட்டார். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேகனிலும் கூரை கடைசி வரை நேராகத்தானே போனது? பின்சீட்டில் தலை இடிக்கவில்லையே.

சரிந்த கூரை காற்றைக் கிழித்துப் போகும், பெட்ரோல் மிச்சம் என்கிறான் பேரன். உண்மைதான். தே எஸ் கூரையும் சரிந்ததுதான். ஆனால் அதன் நீளம் சுமார் 4.8 மீட்டர், சரிவதற்கு அங்கே இடம் இருந்தது. நம் நாட்டிலோ எஞ்சினும் சிறிதாக இருந்து நீளமும் 4 மீட்டருக்குள் இருந்தால் வரி குறைவு. அமி சிஸ்ஸுக்கு இருந்த அதே 4 மீட்டர்தான். அதற்குள் பெரிய காரின் சரிவைக் கொண்டுவந்தால், விலை கொடுப்பது பின்சீட்டுக்காரன் நெற்றி.

முன்சீட்டில் இருப்பவன் பணம் கட்டுகிறான், அவனுக்குப் பிடித்தாற்போல் வரைகிறார்கள். பின்சீட்டில் யார்? முழங்கால் மடங்காத அப்பா, பட்டுப்புடவையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறும் பாட்டி, மடியில் குழந்தையோடு மருமகள். இவர்களை யாரும் ஷோரூமுக்கு அழைத்துப் போவதில்லை. பழைய அம்பாசிடரை இன்றும் நாம் நினைத்துப் பெருமூச்சு விடுவது அழகுக்காகவா? வேட்டி கசங்காமல் ஏறி இறங்கினோமே, அதற்காக.

ஆகவே நண்பர்களே, வீட்டில் கார் வாங்கும் பேச்சு வந்தால், "நானும் வருகிறேன்" என்று சொல்லிக் கிளம்பிவிடுங்கள். முன்கதவைத் திறந்து காட்டுவார்கள். நீங்கள் பின்கதவைத் திறந்து, இரண்டு முறை ஏறி இறங்கிப் பாருங்கள். பேரன் கொஞ்சம் முகம் சுளிப்பான். பரவாயில்லை. நான் அன்றைக்குப் போகாமல் வீட்டில் இருந்துவிட்டேன், இப்போது கோயிலுக்கு ஆட்டோவில் போகிறேன்.