மீசைக்காரரும் ஒரு அகதிதான்

லண்டனில் ஒரு பப்பின் மேல்மாடியில் மாதம் ஒருமுறை துப்பறியும் கதைப் பிரியர்கள் கூடுவார்கள். நானும் போவேன். இது எங்கடை ஆக்களில் சிலருக்குப் பொறுக்கவில்லை. "அகதியா வந்த உனக்கு என்ன கோதாரிக்குக் கொலை விளையாட்டு? அங்கை சனம் காணாமல் போன பிள்ளையளைத் தேடிக்கொண்டு திரியுது. நீ இங்கை பியரைக் குடிச்சுப்போட்டு 'ஆர் கொலைகாரன்' எண்டு விளையாடுறாய்" என்கிறார்கள். கேட்டவர் வீட்டு அலுமாரியில் இருக்கும் போத்தல்களைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அவருக்கும் பியர் பிரச்சினையில்லை. சிரிப்புத்தான் பிரச்சினை.

சரி, அங்கே என்னதான் நடக்கிறது? இருபது பேரளவில் வருவார்கள். ஆளுக்கொரு துண்டு கொடுப்பார்கள். ஒருவர் டொக்டர், ஒருவர் சமையல்காரி, ஒருவர் சொத்துக்குக் காத்திருக்கும் மருமகன். ஒருவர் 'செத்துப்போவார்'. செத்தவரே பிறகு எழும்பிப்போய் எல்லோருக்கும் பியர் வாங்கிவருவார். மற்றவர்கள் ஆளையாள் விசாரித்துக் கொலையாளியைப் பிடிக்கவேண்டும். அகதா கிறிஸ்டியின் ஹெர்க்யூல் புவாரோ போல மீசை ஒட்டிக்கொண்டு எப்போதும் இரண்டு மூன்று பேர் வந்திருப்பார்கள். பெரிய ஆட்கள் இப்படி விளையாடுவது புதிதல்ல. 1930இல் லண்டனில் தொடங்கிய டிடெக்‌ஷன் கிளப்பில் செஸ்டர்டன், டொரத்தி செயர்ஸ், கிறிஸ்டி எல்லோரும் இருந்தார்கள். புதிதாகச் சேரும் எழுத்தாளர், எரிக் என்று பெயர் வைத்த மண்டையோட்டை வைத்துச் சத்தியம் செய்யவேண்டும். முக்கியமான தடயத்தை வாசகரிடம் ஒளிக்கமாட்டேன் என்பதும் அந்தச் சத்தியத்தில் ஒன்று.

இப்ப அந்த மீசைக்கு வருவோம். புவாரோ ஆர்? 1920இல் வந்த முதல் நாவலிலேயே அவர் ஒரு அகதி. முதலாம் உலகப்போரில் ஜெர்மன் படை பெல்ஜியத்துக்குள் புகுந்தபோது ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேர் பிரித்தானியாவுக்கு ஓடிவந்தார்கள். கிறிஸ்டியின் ஊரான டோர்கேக்கும் வந்தார்கள். அவர்களை நினைத்துத்தான் கிறிஸ்டி புவாரோவைப் படைத்தார். சொந்த நாட்டில் பெயர்பெற்ற பொலிஸ்காரர், இங்கே ஒரு பணக்கார அம்மாவின் தயவில், தன் நாட்டுச் சனம் சிலரோடு ஒரே வீட்டில், காலை நொண்டிக்கொண்டு சீவிக்கிறார். ஊரில் அதிபராக இருந்துவிட்டு இங்கே பெற்றோல் செட்டில் இரவு வேலை செய்தவருக்கு இது விளங்கும். அந்த அம்மாவை ஆரோ ஸ்ட்ரிக்னைன் கொடுத்துக் கொல்கிறார்கள். எங்கடை எட்டிக் கொட்டையில் இருக்கும் அதே நஞ்சு. கொலையாளியைப் பிடிப்பது அந்த அகதி.

பிறகொரு நாவலில் தன் உடைந்த ஆங்கிலத்தின் ரகசியத்தை அவரே சொல்கிறார். ஆங்கிலம் கூடத் தெரியாத அந்நியன் என்று இளக்காரமாக நினைத்து ஆட்கள் அசட்டையாக இருப்பார்களாம், அது அவருக்கு வசதியாம். 1975 ஓகஸ்டில் அவர் கதையில் 'செத்தபோது' நியூயோர்க் டைம்ஸ் முதல் பக்கத்திலேயே மரண அறிவித்தல் போட்டது. உண்மையான பெல்ஜிய அகதிகளையோ, போர் முடிந்த கையோடு இலவச ரிக்கற் கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள்.

போன மாதம் இதை மேசையில் சொன்னேன். மீசை ஒட்டியிருந்தவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவரை நான் அகதியா நினைச்சதேயில்லை" என்றார். அதுதான் என்ரை கோபம். மீசை வேணும், தொப்பி வேணும், அவர் ஏன் ஓடிவந்தார் என்பது மட்டும் வேண்டாம். ஆனால் அவர்களை மட்டும் பேசி என்ன பயன்? நாங்களும் அந்த மேசைக்குப் போகாமல் இருந்தால் அவர்களுக்கு ஆர் சொல்லுவது?

இனி எங்கடை ஆக்களின் கேள்வி. கொலையை வைத்துச் சிரிக்கலாமோ? துப்பறியும் கதையில் ஒரே ஒரு ஆள் சாவார். அந்த ஒரு சாவுக்காக முழுப் புத்தகமும் கேள்வி கேட்கும். ஆர், ஏன், எப்படி என்று தெரியாமல் கதை முடியாது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரம் குந்திய தாய்மார் கேட்டதும் இந்தக் கேள்விகளைத்தான். அவர்களில் பலர் பதில் தெரியாமலே கண்மூடிவிட்டார்கள். ஒரு சாவுக்குக் கட்டாயம் பதில் வேண்டும் என்று அடம்பிடிக்கும் கதையை வாசிப்பது அந்தத் தாய்மாருக்குச் செய்யும் அவமரியாதையா?

விசாரணை என்றால் என்னவென்று எங்களுக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை. துப்பறியும் கதையில் எல்லாம் அச்சொட்டாகப் பொருந்துகிற வாக்குமூலத்தில்தான் சந்தேகம் வரும். அகதி விசாரணையில் திகதி ஒன்று மாறினால் போதும், நீ பொய்யன். அந்தக் கதிரையில் இருந்து எழும்பி வந்தவன், மாதத்தில் ஒரு இரவு மேசையின் மற்றப் பக்கம் இருந்து கேள்வி கேட்டால் என்ன குறைஞ்சுபோகும்?

அகதி என்றால் அழுதுகொண்டுதான் இருக்கவேண்டும் என்று இங்குள்ள அதிகாரியும் நினைக்கிறார், எங்கடை பெரியவர்களும் நினைக்கிறார்கள். அந்த விசயத்தில் மட்டும் இரண்டு பேருக்கும் நல்ல ஒற்றுமை.

அடுத்த மாதம் நானும் மீசை ஒட்டிக்கொண்டுதான் போகப்போகிறேன். பெல்ஜியத்திலிருந்து வந்த அகதி எண்டு சட்டையில் எழுதிக் குத்திக்கொண்டு போவேன். வர விருப்பமானவை வாருங்கோ. பியர் குடிக்காதவைக்குத் தோடம்பழச் சாறும் இருக்குது.