புயலில் மின்சார வண்டி ஓடுமா?

"தானே" புயலைக் கடலூர் மக்கள் மறக்க மாட்டார்கள்.

2011-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி காலை, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே அது கரை ஏறியது. பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மின்சாரக் கம்பங்கள் வரிசை வரிசையாக விழுந்தன. பல கிராமங்களில் வாரக்கணக்கில் இருட்டு!

பக்கத்திலேயே நெய்வேலி இருக்கிறது. 1962 முதல் அங்கே பழுப்பு நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். இருந்து என்ன பயன்? கம்பி அறுந்துவிட்டால் அடுத்த ஊருக்கும் கரண்டு வராது.

விழுந்த கம்பத்துக்குப் பதில் புதுக் கம்பம் வரவேண்டும். அதை ஏற்றிக்கொண்டு லாரி வரவேண்டும். அந்த லாரி டீசலில் ஓடுகிறது.

இப்போது உலகம் எங்கும் மின்சாரக் கம்பெனிகள் பேட்டரி வண்டிக்கு மாறி வருகின்றன. புகை இல்லை, செலவும் குறைவு. நல்லதுதான். ஆனால், கரண்டு போன ஊருக்குக் கரண்டு கொண்டுவரும் வண்டி, கரண்டிலேயே ஓடலாமா?

10 ஆயிரம் கார்

மத்திய அரசின் மின்துறைக் கம்பெனிகள் சில சேர்ந்து, "எனர்ஜி எபிசியன்சி சர்வீசஸ்" என்ற கம்பெனியை நடத்துகின்றன. அரசாங்க ஆபீசுகளுக்கு வாடகைக்கு விட 10 ஆயிரம் மின்சாரக் கார்கள் வாங்க, 2017-ல் அது டெண்டர் விட்டது. டாட்டாவும் மகிந்திராவும் கார் கொடுத்தன.

மறு வருடமே புகார் வந்தது. ஒரு தடவை சார்ஜ் ஏற்றினால் 80 கிலோ மீட்டர்தான் போகிறது என்று அதிகாரிகள் முகம் சுளித்தார்கள்.

கடலூரிலிருந்து சிதம்பரம் சுமார் 45 கிலோ மீட்டர். அந்தக் காரில் போய்ச் சேரலாம். திரும்பும்போது நடுவழியில் இறங்கித் தள்ள வேண்டியதுதான்!

இன்றைய கார்கள் 200 கிலோ மீட்டருக்கு மேல் ஓடுகின்றன. அந்தக் கவலை தீர்ந்தது. புயல் கவலை தீரவில்லை.

டீசலுக்கும் சங்கடம்

டீசல் மட்டும் என்ன வாழ்ந்தது? பங்க்கில் டீசலை மேலே இழுக்கும் பம்பும் மின்சாரத்தில்தான் ஓடுகிறது. ஜெனரேட்டர் இல்லாவிட்டால் பங்க்கும் படுத்துவிடும். ஆனாலும், டீசலைப் பீப்பாயில் பிடித்து வைக்கலாம். பேட்டரியில் ஏற்றிய கரண்டு இரண்டொரு நாளில் தீர்ந்து போகும். பிறகு எங்கே போவது?

வழி இல்லாமல் இல்லை. புயல் வருவதை வானிலை நிலையம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. அதற்குள் எல்லா வண்டிக்கும் சார்ஜ் ஏற்றிவிடலாம். கரண்டு ஆபீஸ் கூரையில் சூரியத் தகடு போடலாம். கொள்ளிடம் பெருகினால் சிதம்பரம் பக்கம் தண்ணீர் சூழும். ஆகவே சார்ஜ் ஏற்றும் பெட்டியை மேட்டில்தான் வைக்கவேண்டும்.

ஜப்பானில் நடந்தது

2019 செப்டம்பரில் ஜப்பான் நாட்டின் சீபா பகுதியைப் புயல் தாக்கியது. பல நாள் மின்சாரம் இல்லை. நிசான் கம்பெனி தன் மின்சாரக் கார்களை அங்கே அனுப்பியது. கார் பேட்டரியிலிருந்து கரண்டு எடுத்து விசிறியைச் சுழலவிட்டார்கள். போனுக்குச் சார்ஜ் ஏற்றினார்கள்.

பார்த்தீர்களா? வண்டியே கரண்டு கொடுத்தது! டீசல் லாரியை நிறுத்தி வைத்தால் இப்படி விளக்கு எரியுமா?

மீட்டர் பார்க்கவும், லைன் சோதிக்கவும், ஆபீசுக்கு ஆபீஸ் போகவும் பேட்டரி வண்டி போதும். கம்பம் தூக்கும் கனத்த லாரி மட்டும் இன்னும் சில காலம் டீசலில் ஓடட்டும்.