‘ஏறும்’ என்பது யாருடைய வினை?

சற்று நீண்ட பதிவு இது. முடிந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் வாசித்துவிடுங்கள்.

எங்கள் ஆய்வு மாணவர் வாட்ஸ்அப் குழுவில் சென்ற வாரம் ஒரு தோழி ஆலோசனை கேட்டிருந்தார். அவருடைய தந்தை ஓசூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். பெங்களூருத் தரகர் ஒருவர் அவரிடம் ஒரு ‘சான் ஸ்டார்ம்’ காரை 5 லட்சம் ரூபாய்க்குப் பேசி வைத்திருக்கிறார். அதற்காக வங்கியிலுள்ள நிரந்தர வைப்பை முறிக்க அவர் ஆயத்தமாகிவிட்டார். வரும் ஞாயிறன்று முன்பணம் தருவதாக ஏற்பாடு. தரகர் சொன்ன காரணம் ஒன்றுதான்: “கொஞ்ச வண்டிதான் சார் செஞ்சாங்க. இருபது வருஷம் வச்சிருங்க, விலை தானா ஏறும்.”

தரகர் அப்படிச் சொல்வதில் வியப்பில்லை. அவர் பிழைப்பு அது. குழுவிலிருந்த மூன்று ஆய்வாளர்கள் அதை ஆமோதித்ததுதான் என்னை எழுத வைத்தது. ஒருவர் ‘அருமை மிகைவிலை’ என்று கலைச்சொல் சூட்டினார். இன்னொருவர் ஃபெராரியை மேற்கோள் காட்டினார். மூன்றாமவர் ராஜ்தூத் 350-ஐ நினைவூட்டினார். பல்கலைக்கழகத்தில் இருப்பவர்கள் மூவர் சொல்லிவிட்டார்கள் என்பதால் ஆசிரியர் ஐயாவின் தயக்கம் நீங்கிவிட்டதாம். தோழியின் இசைவுடனேயே இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

காரை அறியாதவர்களுக்கு ஒரு குறிப்பு. சான் மோட்டார்ஸ் பெங்களூரைச் சார்ந்த நிறுவனம். 1990களின் இறுதியில் அது அறிமுகப்படுத்திய ‘ஸ்டார்ம்’, கோவாவில் தயாரான இரட்டை இருக்கைத் திறந்த கார். கண்ணாடியிழை உடல், ரெனோவின் 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், ஏறத்தாழ 60 குதிரைத்திறன். இந்தியச் சாலைகளில் மாருதிகளே நிறைந்திருந்த நாளில் அப்படியொரு காரைச் செய்ய முனைந்தது துணிச்சல்தான். அந்தத் துணிச்சலை நான் குறைத்துப் பேசவில்லை. அந்தக் காரை ஓர் ஓய்வூதியரின் சேமிப்பாக மாற்றும் தருக்கத்தைத்தான் மறுக்கிறேன்.

மொழியியல் படித்தவன் கார் விலையைப் பற்றிப் பேசலாமா என்று கேட்பீர்கள். இந்த மயக்கத்தின் முதல் முடிச்சு மொழியிலேயே விழுந்திருப்பதாக நினைக்கிறேன். தமிழில் ‘ஏறு’ தன்வினை, ‘ஏற்று’ பிறவினை. ‘விலை ஏறும்’ என்னும்போது எழுவாயாக விலை மட்டுமே நிற்கிறது, செய்பவர் மறைந்துவிடுகிறார். ஆற்றில் நீர் ஏறுவதுபோல, வெயில் ஏறுவதுபோல, அது இயற்கை நிகழ்வாகிவிடுகிறது. தரகர் ‘தானா’ என்ற சொல்லையும் சேர்த்து அந்த மறைவை உறுதிசெய்கிறார். வாக்கியத்தைப் பிறவினையாக்கிப் பாருங்கள்: ‘இந்தக் காரின் விலையை இருபது ஆண்டுகளில் இன்னார் ஏற்றுவார்கள்.’ அந்த ‘இன்னார்’ யார்? குழுவில் இருமுறை கேட்டேன். ஒருவரும் பதில் சொல்லவில்லை.

‘விலை’ என்ற சொல்லையும் கவனியுங்கள். ‘வில்’ என்னும் வினையடியில் பிறந்தது அது. கன்னடத்தின் ‘பெலெ’ அதன் உடன்பிறப்பு. விற்கும்போது நிகழ்வதே விலை. விற்பனை நடக்காத இடத்தில் இருப்பது கேட்கும் தொகை மட்டுமே. எண்ணிக்கை குறைந்தால் விலை ஏறும் என்போர் இங்கே ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: எண்ணிக்கை குறைந்தால் விற்பனைகளும் குறையும். ஒரு மாருதி 800-க்கு இன்று என்ன கிடைக்கும் என்பதை எந்தப் பழைய கார் வணிகரும் சில ஆயிரம் ரூபாய் வித்தியாசத்தில் சொல்லிவிடுவார். ஒப்பிட எண்ணற்ற விற்பனைகள் உண்டு. ஸ்டார்முக்கு அத்தகைய அளவுகோல் ஏது? எங்கோ ஒருவர் இணையத்தில் 8 லட்சம் கேட்கிறார் என்பது, அவர் 8 லட்சத்துக்கு விற்றார் என்பதற்குச் சான்றாகாது. ஆகவே அருமையிலிருந்து உறுதியாகப் பெறக்கூடிய முடிவு, இதன் விலையை அறிவது கடினம் என்பது மட்டுமே. அந்த அறியாமையை லாபத்தின் முன்னறிவிப்பாக மாற்றிக் காட்டுவதுதான் தரகரின் சாமர்த்தியம். அதற்குக் கலைச்சொல் சூட்டியது நம்மவரின் பிழை.

இனி ஃபெராரி. 1962 முதல் 1964 வரை 36 எண்ணிக்கையில் தயாரான 250 ஜிடிஓ கார்களுள் ஒன்று, 2018 ஆகஸ்டில் அமெரிக்காவில் நடந்த ஆர்எம் சோதபீஸ் ஏலத்தில் 4 கோடியே 84 லட்சம் டாலருக்கு விலைபோனது. உண்மைதான். ஆனால் ‘36’ என்ற எண்ணா அந்த விலையைக் கொடுத்தது? அந்தக் கார் 1962, 1963, 1964 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தன் பிரிவின் உலகப் பட்டத்தைத் தயாரிப்பாளருக்கு வென்று தந்தது. 36 கார்களில் ஒவ்வொன்றும் எந்தப் பந்தயத்தில் யாரால் ஓட்டப்பட்டது, எங்கே மோதியது, யார் கைக்கு மாறியது என்பவை சட்டக எண்வாரியாகத் தொகுக்கப்பட்டிருக்கின்றன. அதே கார் 1960களின் பிற்பகுதியில், ஓய்ந்துபோன பந்தயக் காராகச் சில ஆயிரம் டாலருக்குக் கை மாறியது. அப்போதும் எண்ணிக்கை 36தான். எண் மாறாமலே இருக்க விலை பல்லாயிரம் மடங்கு மாறியிருக்கிறது என்றால், காரணத்தை எண்ணில் தேடுவது முறையாகுமா? முதலாண்டு மாணவர் இப்படி ஒரு தருக்கத்தை எழுதி வந்தால் நாமே சிவப்பு மையால் அடிக்கோடிடுவோம்.

ஃபெராரியின் பெயரைச் சொல்வோர் அதன் இன்னொரு பாடத்தையும் சொல்ல வேண்டும். 1988 ஆகஸ்டில் என்ஸோ ஃபெராரி மறைந்ததும் பழைய ஃபெராரிகளின் விலை வெறிகொண்டு ஏறியது. ஓட்ட விரும்பியவர்களோடு, விற்று லாபம் பார்க்க மட்டுமே விரும்பியவர்களும் கடன் வாங்கி நுழைந்தார்கள். 1990களின் தொடக்கத்தில் அந்தச் சந்தை சரிந்தது. உலகப் புகழும் முழு ஆவணமும் ஏல நிறுவனங்களும் சூழ்ந்த காருக்கே அந்த நிலை.

ராஜ்தூத் 350 வலுவான எதிர்வாதம்; அதற்கு மதிப்புடனேயே பதில் சொல்ல வேண்டும். யமஹாவின் ஆர்டி 350-ஐ எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983-இல் இங்கே தயாரிக்கத் தொடங்கியது. விலை அதிகம், பெட்ரோல் குடிக்கும் என்று மக்கள் ஒதுக்கினார்கள்; அந்தப் பத்தாண்டு முடிவதற்குள்ளாகவே ஏறக்குறைய அதன் காலம் முடிந்துவிட்டது. இன்று நல்ல நிலையிலுள்ள ஒன்றை லட்சங்கள் கொடுத்து வாங்குகிறார்கள். ‘அன்று விலைபோகாதது இன்று விலைபோகிறது, ஸ்டார்மும் அப்படியே’ என்பது வாதம்.

ஆனால் இடையிலிருந்த ஆண்டுகளில் நடந்தது என்ன? சோழவரத்திலும் பின்னர் இருங்காட்டுக்கோட்டையிலும் அதைப் பந்தயத்தில் ஓட்டினார்கள். அதன் எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டும் மெக்கானிக்குகள் உருவானார்கள். உலகெங்கும் அதே குடும்பத்து யமஹாக்கள் இருந்தமையால் பிஸ்டன் முதல் கேஸ்கெட் வரை வரவழைக்க முடிந்தது. பதின்வயதில் அதன் ஒலியைக் கேட்டு ஏங்கியவர்கள் நாற்பது வயதில் கையில் பணத்துடன் வந்தார்கள். இதற்கு இணையான செய்தி நம் பக்கத்திலேயே உண்டு. மைசூரின் ஐடியல் ஜாவா ஆலை 1996-இல் மூடப்பட்டது. இன்றும் ஜூலை மாத இரண்டாம் ஞாயிறன்று ஜாவா, யெஸ்டி வண்டிக்காரர்கள் பெங்களூரில் கூடுகிறார்கள். அந்த வண்டிகள் எண்ணிக்கையில் அரியவையே அல்ல, ஊரெங்கும் ஓடியவை. அருமை இல்லாமலே விலை ஏறியிருக்கிறது. ஏற்றியவர்களை நம்மால் பெயர், முகவரியுடன் காட்ட முடியும் என்பதே வேறுபாடு.

எதிர்ப்புறச் சான்றும் இதே ஊரில் இருக்கிறது. பெங்களூரின் சிபானி நிறுவனம் 1980களின் தொடக்கத்தில், ஆங்கில நாட்டு ரிலையன்ட் கிட்டனை அடியொற்றி ‘டால்ஃபின்’ என்ற சிறு காரைத் தயாரித்தது. அதற்கும் கண்ணாடியிழை உடல். 848 சிசி எஞ்சின். எடை குறைவென்பதால் ராலிகளில் விரும்பி ஓட்டப்பட்டது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபின் சந்தை அதைக் கைவிட்டது. அருமை, உள்ளூர்ப் பெருமை, பந்தயப் பெயர் என மூன்றும் அதற்கு உண்டு. நாற்பது ஆண்டுகள் கழிந்தும் அதை வைத்திருந்து செல்வந்தரானவர் என்று யாரையாவது நீங்கள் கேள்விப்பட்டதுண்டா? ஸ்டார்முக்கு அந்தப் பந்தயப் பெயரும் இல்லை. அதன் எஞ்சினைக் கொண்ட ரெனோ கார்கள் இந்தியாவில் பரவலாக விற்கப்படவும் இல்லை. ஆகவே ஜே.சி. சாலையில் கடை கடையாக ஏறி இறங்கினாலும் உதிரிபாகம் எளிதில் கைக்கு வராது. முன்விளக்குச் சட்டமோ கதவுக் கைப்பிடியோ உடைந்தால், வேறொரு காரிலிருந்து பொருத்தமானதைத் தேட வேண்டும். இல்லையேல் புதிதாக வார்க்க வேண்டும். அப்படி ஒவ்வொன்றாக மாற்ற மாற்ற, எந்த ‘அசல் தன்மை’க்காக விலை ஏறும் என்கிறார்களோ அதுவே தேய்ந்துவிடும்.

சட்டமும் அவருக்கு உதவாது. 2021-இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, ஒரு வண்டி பழம்பெரும் வாகனமாகப் பதிவுபெற 50 ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும். அடிப்படை அமைப்பும் மாற்றப்படாமல் இருக்க வேண்டும். 1999-இல் செய்த ஸ்டார்ம் அந்தத் தகுதியை எட்டுவது 2049-இல். ஆசிரியர் ஐயாவுக்கு இப்போது வயது 61. அதுவரை அது சட்டத்தின் கண்ணில் வெறும் பழைய கார். குறித்த காலந்தோறும் தகுதிச் சோதனைக்குக் கொண்டுபோய்ப் பதிவைப் புதுப்பிக்க வேண்டிய கார். 600 ரூபாயாக இருந்த அந்தப் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. போதாக்குறைக்கு, இப்போது பெட்ரோல் நிலையங்களில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த எரிபொருள். அதைக் கருதி வடிவமைக்கப்படாத பழைய ரப்பர் குழாய்களும் அடைப்புகளும் அதனால் நைந்துபோகும்.

கணக்கையும் போட்டுவிடுவோம். 5 லட்சத்தை 7 விழுக்காட்டுக் கூட்டுவட்டியில் 20 ஆண்டுகள் விட்டுவைத்தால் சுமார் 19 லட்சத்து 35 ஆயிரம் ஆகும். காருக்குக் காப்பீடு, பழுது, டயர், பேட்டரி எனச் சிக்கனமாக ஆண்டுக்கு 40,000 என்று வையுங்கள். அந்தத் தொகையையும் அதே வட்டியில் சேமித்திருந்தால் மேலும் சுமார் 16 லட்சத்து 40 ஆயிரம். ஆக, இருபது ஆண்டுகள் கழித்து அந்தக் கார் கிட்டத்தட்ட 36 லட்சத்துக்கு விற்றால்தான் நட்டமில்லை. இன்றைய விலையின் ஏழு மடங்கு! 10 லட்சத்துக்கு விற்றாலும் ‘விலை இருமடங்கு ஏறியது’ என்று தரகர் மீசையை முறுக்குவார். ஆசிரியர் ஐயா 26 லட்சம் இழந்திருப்பார். இழந்ததே அவருக்குத் தெரியாமல் போகக்கூடும். வட்டி விகிதமும் செலவும் மாறலாம், ஒப்புக்கொள்கிறேன். மாற்றிப் போட்டுப் பாருங்கள். முடிவு தலைகீழாக வேண்டுமானால் எவ்வளவு மாற்ற வேண்டியிருக்கிறது என்பதை நீங்களே காண்பீர்கள்.

என்னிடம் கடைசியாகக் கேட்கப்பட்டது: “அவருக்கு அந்தக் கார் பிடித்திருக்கிறதே, அதை ஏன் கெடுக்கிறாய்?” பிடித்திருந்தால் வாங்கட்டும். விடியற்காலையில் கூரையைத் திறந்து கிருஷ்ணகிரிவரை ஓட்டிவிட்டு வரும் இன்பத்துக்கு ஒருவர் 5 லட்சம் கொடுக்கலாம். அது அவர் பணம், அவர் வாழ்க்கை. ஆனால் அது செலவு என்று தெரிந்து கொடுக்க வேண்டும். செலவை ‘முதலீடு’ என்று பெயர்மாற்றித் தரும்போது, அவர் தம் ஆசையை எடைபோடும் வாய்ப்பையே நாம் பறித்துவிடுகிறோம். நிரந்தர வைப்பை முறித்தபின் அவசரத்துக்கு என்ன மிஞ்சும் என்று அந்த மூவரில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் முதல் இரண்டு நாள் கேட்கவில்லை, ‘நமக்கென்ன’ என்றிருந்தேன். அதற்காக வெட்கப்படுகிறேன்.

எனவே தோழிக்கும் அவர் தந்தைக்கும் நான் சொல்வது இது. ஞாயிறன்று தரகரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். கடந்த ஈராண்டில் உண்மையிலேயே விற்ற ஸ்டார்ம்கள் எவை, என்ன விலைக்கு? இந்த வண்டியைப் பழுதுபார்ப்பவர் யார், அவரை நேரில் சந்திக்கலாமா? இருபது ஆண்டுகள் கழித்து இதை வாங்கப்போகிறவர், இன்று பதினைந்து வயதில் எங்கே இதைப் பார்த்து ஏங்கிக்கொண்டிருக்கிறார்? மூன்றுக்கும் பதில் கிடைத்தால் முன்பணம் கொடுங்கள். கிடைக்காவிட்டால் ஒரு தேநீர் அருந்திவிட்டு ஓசூருக்குத் திரும்பிவிடுங்கள்.

ஆமோதித்த மூன்று நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம் பெயருக்கு முன்னால் ‘ஆய்வாளர்’ என்று இருப்பதால்தான் அவர் நம் சொல்லை நம்பினார். உங்கள் கருத்தில் நீங்கள் உறுதியாக இருந்தால் மறுப்பை இங்கேயே எழுதுங்கள்; நான் தவறென்று காட்டினால் பதிவைத் திருத்துகிறேன். உறுதி இல்லையென்றால், சனிக்கிழமைக்குள் அவரைத் தொலைபேசியில் அழைத்து அதைச் சொல்லிவிடுங்கள்.