ஜெரெமியின் பிணங்களுக்கு யார் பதில் சொல்வது?

1964 ஆகஸ்டில் 13 இளைஞர்கள் ஹைட்டியின் தென்மேற்குக் கரையில் இறங்கினார்கள். நியூயார்க்கில் புலம்பெயர்ந்து வாழ்ந்தவர்கள் அவர்கள். தன்னை ஆயுட்கால அதிபராக அறிவித்துக்கொண்ட பிரான்சுவா துவாலியேவை வீழ்த்துவதே நோக்கம். மக்கள் திரண்டு வருவார்கள் என்று நம்பினார்கள். பயத்தில் உறைந்த நாடு அசையவில்லை. ஏறத்தாழ மூன்று மாதம் மலைகளில் போராடி, இருவரைத் தவிர மற்றவர்கள் ஒவ்வொருவராக மடிந்தார்கள்.

உயிரோடு பிடிபட்ட மார்செல் நூமாவையும் லூயி துருவேனையும் நவம்பர் 12 அன்று தலைநகரில், கல்லறைத் தோட்ட மதிலருகே கம்பங்களில் கட்டிச் சுட்டுக் கொன்றார்கள். அதைப் பார்க்கப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வந்தார்கள்; கேமராவிலும் பதிவு செய்தார்கள். ஒரு தலைமுறையின் நெஞ்சில் அச்சத்தை விதைக்கும் திட்டமிட்ட கொடூரம் இது.

அதைவிடக் கொடியது ஜெரெமி நகரில் நடந்தது. போராளிகளின் உறவினர் என்பதற்காகவே முதியவர்களையும் கைக்குழந்தைகளையும் கொன்று குவித்தது அரசு. எழுச்சியின் திட்டம் பலவீனமானது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், அந்தப் பச்சிளம் உயிர்களின் ரத்தப்பழியை இளைஞர்கள் மீது சுமத்துவது அநியாயம். துவாலியே 1971இல் பதவியிலிருந்தபடியே இறந்தார். எந்த நீதிமன்றமும் அவரைக் கூண்டில் ஏற்றவில்லை.