ஓடு கிடைக்காத நிலத்தையும் நடந்து பாருங்கள்

கிரேக்கத் தீவொன்றில் தொல்லியல் கள ஆய்வுக்குத் திட்டம் போடுகிறவர்கள் வரைபடத்தை விரித்ததுமே கோட்டை இடிபாடு, பழைய துறைமுகம், நீரூற்றுக் கரை என்று பலன் தரக்கூடிய இடங்களை வட்டமிடுவது இயல்பு. கலாசார அமைச்சின் அனுமதி குறிப்பிட்ட காலத்துக்குத்தான், பணமும் அளவானது. ஆனாலும் தீவு சிறியதென்றால் ஒரு மூலையும் விடாமல் நடந்தே ஆக வேண்டும், எதுவும் கிடைக்காத சரிவுகளையும் அதே கவனத்தோடு பதிவு செய்ய வேண்டும் என்பேன்.

அந்திகிதேரா இதற்கு நல்ல சான்று. 1900இல் கடற்பஞ்சு எடுக்க மூழ்கியவர்கள் கண்ட கப்பலாலும், அதிலிருந்து கிடைத்த பல்சக்கரக் கருவியாலும் உலகம் அறிந்த தீவு அது. அதன் நிலப்பரப்பு சுமார் 20 சதுர கிலோமீட்டர். 2005 முதல் 2007 வரை ஆண்ட்ரூ பெவன், ஜேம்ஸ் கொனொலி ஆகியோர் தலைமையில் ஆய்வாளர்கள் 15 மீட்டர் இடைவெளியில் வரிசையாக நின்று தீவு முழுவதையும் நடந்து, கண்ணில் பட்ட பானையோடுகளை எண்ணினார்கள். புதிய கற்காலத்தின் இறுதியில் வேட்டைக்காக வந்துபோனவர்களின் கல் அம்புமுனைகள் முதல் ஹெலனிய காலக் கடற்கொள்ளையரின் குடியிருப்பு வரை தடயங்கள் தெரியவந்தன. அவற்றைவிடப் பெரிய பேறாக நான் கருதுவது, தீவு பலமுறை ஆளற்றுப்போய் மீண்டும் குடியேறப்பட்டது என்று காட்ட முடிந்ததைத்தான். ஒரு நூற்றாண்டின் ஓடு ஒரு வயலில் இல்லையென்றால் அது தற்செயலாக இருக்கலாம். தீவு முழுக்கத் தேடியும் இல்லையென்றால், அங்கே அப்போது அநேகமாக யாரும் வாழவில்லை என்று துணிந்து சொல்லலாம்.

மாதிரிப் பகுதிகள் போதுமே என்பார்கள். சுமார் 150 சதுர கிலோமீட்டர் கொண்ட மீலோஸில் 1970களில் கொலின் ரென்ஃப்ரூ குழு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை மட்டும் நடந்தே சிறந்த நூலை வெளியிட்டது. பெரிய தீவுக்கு அது சரியான வழிதான். கிரீட் முழுவதையும் யாரும் நடக்க முடியாது. ஆனால் மாதிரி முறையால் ஊர்கள் எவ்வளவு நெருக்கமாக இருந்தன என்று கணிக்கலாமே தவிர, சில இரவுகள் மட்டும் தங்கிய வேட்டைக்காரர்களின் இடம் எளிதில் நழுவிவிடும். டிரோன் பறக்கவிடலாம் என்கிற யோசனையும் உண்டு. படிக்கட்டு வயல்களையும் சுவர்களையும் அது அழகாகக் காட்டும். முள்புதருக்கு அடியில் கிடக்கும் நகமளவு ஓட்டைக் காட்டாது.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு: மண் அரித்துப்போன சரிவிலும் புதர் மூடிய நிலத்திலும் ஒன்றும் காணவில்லை என்பதற்கு என்ன மதிப்பு? நியாயமான கேள்வி. அதனால்தான் ஒவ்வொரு துண்டு நிலத்திலும் தரை எவ்வளவு கண்ணுக்குத் தெரிந்தது, மண் எவ்வளவு அரித்திருக்கிறது என்று ஓடுகளின் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே குறிக்க வேண்டும். மண்ணியல் அறிந்த ஒருவர் முதல் நாளிலிருந்தே குழுவோடு நடக்க வேண்டும். அவருக்கான ஊதியம் முதல் வரவுசெலவுத் திட்டத்திலேயே இடம்பெற வேண்டும்.