மௌனம் மறுமொழியாகுமா?

கணினி விளையாட்டுகளைச் சொந்தப் பொறுப்பில் ஆக்கி விற்கும் சிறு குழுவினர், வாங்குவோரின் கண்டனங்களை எவ்விதம் ஏற்பது என்ற பிரச்னை எழும்போதெல்லாம், இங்கிலாந்தில் கில்ட்போர்ட் நகரத்து ஹலோ கேம்ஸ் ஸ்தாபனத்தாரைச் சிலர் உதாரணம் காட்டுகின்றனர். "வாயை மூடிக்கொண்டு வேலையைச் செய், உலகம் தானே புகழும்" என்பது அவர்கள் அதில் கண்ட தத்துவம். இது பாதி உண்மையே என்பது நமது அபிப்பிராயம்.

நடந்தது யாது? சுமார் 15 பேரே கொண்ட அக்குழு, 1,84,000 கோடி கோடிக்கு மேற்பட்ட கிரகங்கள் அடங்கிய 'நோ மேன்ஸ் ஸ்கை' என்னும் விளையாட்டை 2016 ஆகஸ்டில் 60 டாலர் விலைக்கு வெளியிட்டது. பெரிய கம்பெனிகள் தம் சரக்குக்குக் கேட்கும் விலை அது! ஆடுவோர் ஒருவரையொருவர் சந்திப்பது அரிது, ஆயினும் சாத்தியமே என்று தலைவர் ஸீன் மர்ரி முன்னரே பகிரங்கமாகச் சொல்லியிருந்தார். வெளியான முதல் நாளே இருவர் ஒரே கிரகத்தில் ஒரே இடத்துக்குச் சென்றனர். ஒருவர் கண்ணுக்கு மற்றவர் தென்படவில்லை. ஆக்ஷேபம் மலையெனக் குவிந்தது. மர்ரியோ சில வாரங்களில் பேச்சையே நிறுத்திவிட்டார். நவம்பர் இறுதியில் முதல் பெருந்திருத்தம் வெளிவரும் வரை அந்த மௌனம் நீடித்தது.

வசைக்கு மறுமொழி கூறாதது சரியே. வெளியீடு ஜூனிலிருந்து ஆகஸ்டுக்குத் தள்ளிப்போன சமயத்தில் அவருக்குக் கொலை மிரட்டல்களே வந்தன. அத்தகையோரிடம் வாதம் எதற்கு? மான்ட்ரீல் நகரத்து பில் ஃபிஷ் சொல்லுக்குச் சொல் மல்லுக்கு நின்றார். 'ஃபெஸ்' விளையாட்டின் இரண்டாம் பாகத்தை 2013 ஜூனில் அறிவித்தவர், மறு மாதமே அதைக் கைவிட்டுத் தொழிலை விட்டும் விலகினார். நஷ்டம் யாருக்கு?

ஆனால், "நீங்கள் சொன்ன அம்சம் உள்ளதா, இல்லையா?" என்பது வசையன்று, விலை கொடுத்தவனின் வழக்கு. "இப்போது இல்லை" என்ற இரு சொற்கள் போதுமே! அவற்றைச் சொல்ல மூன்று மாத உழைப்பு தேவையில்லை. விளம்பரம் மோசடியன்று என்று பிரிட்டிஷ் விளம்பரத் தர அதிகாரிகள் அவ்வாண்டிறுதியில் தீர்ப்பளித்தது மெய். அது சட்டத்துக்குப் போதும், வாங்கியவனுக்குப் போதாது.

பின்னர் அவர்கள் பட்ட பாடு சாமான்யமன்று. பலர் கூடி ஆடும் வசதி 2018 ஜூலையில் முழுமையாக வந்தது. திருத்தங்களில் ஒன்றுக்கேனும் காசு வாங்கவில்லை. ஆரம்பத்தில் தூற்றலே மலிந்திருந்த ஸ்டீம் அங்காடியில், காலப்போக்கில் வாங்குவோரின் மதிப்புரைகள் பெரும்பாலும் பாராட்டாகவே மாறின. இவ்வளவும் உழைப்புக்குக் கிடைத்த கூலி. மௌனத்துக்குக் கிடைத்ததாகக் கணக்கெழுதுவது நியாயமன்று. பெரும் விற்பனை அவர்களுக்கு முதலிலேயே கிட்டியது என்பதையும் மறக்கலாகாது. கையிருப்பற்ற ஏழைப் படைப்பாளி அவர்களைப் பார்த்து மௌனவிரதம் பூண்டால், முதல் திருத்தத்துக்கு முன்பே கடையைச் சாத்த நேரும்.

மர்ரி பாடம் கற்றிருக்கிறார் என்றே தோன்றுகிறது. 2023 டிசம்பரில் 'லைட் நோ ஃபயர்' என்ற புது விளையாட்டை அறிவித்தபோது, வெளியிடும் தேதி எதையும் அவர் கூறவில்லை.