சல்லடையில் தங்கிய மூதாதையர்



இந்த இதழின் அறிவியல் பகுதியில் டைனோசர் படம் ஒன்றுகூட இல்லை. டைனோசர்கள் உலாவிய அதே காலத்தில், அதே மண்ணில் வாழ்ந்த நம் சொந்தக்காரர்களுக்கு இந்த முறை முழு இடத்தையும் கொடுத்துவிட்டோம். ரோமமும் நீண்ட மூக்கும் கூரிய பற்களும் கொண்ட பழங்காலப் பாலூட்டிகள் அவை. பெரும்பாலானவை உள்ளங்கையில் அடங்கிவிடும்.

பாலூட்டிகளின் கதை ஏறக்குறைய இருபது கோடி ஆண்டுகள் நீளமானது. டைனோசர்கள் மறைந்து 6.6 கோடி ஆண்டுகள்தான் ஆகின்றன. ஆக, நம் குடும்பக் கதையில் மூன்றில் இரண்டு பங்கு டைனோசர்களோடு சேர்ந்து கழிந்தது. நாம் பள்ளியில் படித்ததோ ஒரே ஒரு வரி: டைனோசர்களுக்குப் பயந்து வளையில் பதுங்கியிருந்த எலி போன்ற சிறு பிராணிகள், அவை அழிந்ததும் வெளியே வந்து பெருகின. இந்த வரியைத் திருத்தி எழுத வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் ஆசை. அதற்குத்தான் இந்த இதழ்.

இவற்றின் எலும்புகள் கிடைக்கத் தொடங்கியது நேற்று இன்றல்ல. இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டுக்கு அருகே ஸ்டோன்ஸ்ஃபீல்ட் என்றொரு ஊர். கூரை வேய்வதற்காக அங்கே பலகைக் கற்களை வெட்டி எடுப்பார்கள். அந்தக் கற்களில் விரல் நீளம்கூட இல்லாத சில தாடைகள் கிடைத்தன. 1818இல் ஆக்ஸ்போர்டுக்கு வந்த பிரெஞ்சு அறிஞர் கூவியே அவற்றைப் பார்த்துவிட்டு, இவை பாலூட்டியின் தாடைகள் என்றார். 1824இல் ஆக்ஸ்போர்டு புவியியலாளர் வில்லியம் பக்லண்ட், மெகலோசாரஸ் என்ற முதல் டைனோசருக்குப் பெயர் சூட்டிய அதே கட்டுரையில் இந்தத் தாடைகளைப் பற்றியும் எழுதினார். டைனோசரும் பாலூட்டியும் அறிவியல் ஏட்டில் ஒன்றாகவே நுழைந்திருக்கின்றன. இவ்வளவு பழைய பாறையில் பாலூட்டி இருக்க முடியாது, இவை ஊர்வனவாகத்தான் இருக்க வேண்டும் என்று 1838இல் பாரிஸில் விலங்கியலாளர் பிளான்வீல் மறுத்தார். கடைவாய்ப் பற்களுக்கு இரண்டு வேர்கள் இருப்பதைக் காட்டி ஆங்கிலேய உடற்கூற்றியலாளர் ரிச்சர்ட் ஓவன் அவருக்குப் பதில் சொன்னார். பல்லின் வேரை வைத்து இனம் சொல்லும் அந்த வழக்கம் இன்றுவரை தொடர்கிறது.

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த பிராணி மோர்கனுகோடான். ஜெர்மனியிலிருந்து பிரிட்டனுக்கு வந்த வால்டர் கூனே, 1949இல் அதற்குப் பெயரிட்டார். வேல்ஸின் கிளமோர்கன் பகுதிச் சுண்ணாம்புப் பாறைகளில் பழைய வெடிப்புகள் உண்டு. இருபது கோடி ஆண்டுகளுக்கு முன் மழை அடித்துவந்த மண் அந்த வெடிப்புகளை நிரப்பியபோது, பக்கத்தில் செத்துக் கிடந்தவற்றின் எலும்புகளும் சேர்ந்து உள்ளே போயின. அங்கிருந்து இதுவரை ஆயிரக்கணக்கில் பற்களும் எலும்புத் துண்டுகளும் எடுத்திருக்கிறார்கள். உயிரோடு இருந்தபோது பார்த்திருந்தால் மூஞ்சூறு என்றே நினைத்திருப்போம். ஆனால் அதன் தாடையில் இருப்பதை எந்த மூஞ்சூறிடமும் பார்க்க முடியாது.

ஒரு நிமிடம் இதழைக் கீழே வையுங்கள். காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்து, வாயைத் திறந்து மூடுங்கள். விரலுக்கடியில் தாடை மூட்டு அசைவது தெரியும். அதற்கு ஒட்டினாற்போல உள்ளே, நடுச்செவியில் மூன்று சிற்றெலும்புகள் இருக்கின்றன: சுத்தி, பட்டடை, அங்கவடி. பல்லிக்கும் பாம்புக்கும் பறவைக்கும் அங்கே ஒரே ஒரு எலும்புதான். ஆனால் அவற்றின் கீழ்த்தாடை பல எலும்புகள் சேர்ந்தது. நம் கீழ்த்தாடையோ இருபுறமும் ஒற்றை எலும்பு. தாடையில் குறைந்ததும் காதில் கூடியதும் ஒரே கணக்கு. ஊர்வனவற்றின் தாடை மூட்டில் மேலும் கீழுமாகப் பொருந்தி நிற்கும் இரண்டு எலும்புகள்தான் நம் காதின் பட்டடையும் சுத்தியும்.

இதைப் புதைபடிவம் எதுவும் கையில் இல்லாமலே ஒருவர் கண்டுபிடித்தார் என்பதை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது. 1837இல் கார்ல் ரைகெர்ட் என்ற ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் பன்றிக் கருக்களைக் கூர்ந்து ஆராய்ந்தார். கருவின் கீழ்த்தாடைக்குள் மெக்கல் குருத்தெலும்பு என்றொரு தண்டு உண்டு. சுத்தி எலும்பு அந்தத் தண்டின் பின்முனையில்தான் உருவாகிறது. பிறகு தண்டு கரைந்துபோக, சுத்தி தனித்து நின்று காதுக்குச் சொந்தமாகிவிடுகிறது. தாயின் வயிற்றில் நாம் எல்லோரும் இந்த வழியாகத்தான் வந்தோம்.

கருவில் சரி, நிலத்தில் வாழ்ந்த ஒரு பிராணிக்கு இது எப்படி நடந்திருக்கும்? தாடை மூட்டைக் கழற்றிக் காதுக்குக் கொடுத்துவிட்டு எந்த விலங்கு இரை தின்ன முடியும்? இந்தக் கேள்விக்கு மோர்கனுகோடான் பதில் வைத்திருந்தது. அதற்கு இருபுறமும் இரண்டிரண்டு தாடை மூட்டுகள். ஊர்வனவற்றின் பழைய மூட்டு உள்பக்கம், பாலூட்டிகளின் புதிய மூட்டு வெளிப்பக்கம், இரண்டும் அருகருகே. புது மூட்டு பாரத்தைத் தாங்கத் தொடங்கியதும் பழைய மூட்டின் எலும்புகள் சிறுத்து, தாடையில் ஒட்டியபடியே ஒலியதிர்வுகளைக் கடத்தும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தன. எந்த நாளிலும் இரை தின்பது தடைப்படவில்லை.

அடுத்த கட்டம் சீனத்தில் கிடைத்தது. யுன்னான் மாநிலத்தின் லுஃபெங்கில் எடுத்த, 19.5 கோடி ஆண்டு பழைய ஹாட்ரோகோடியத்தை 2001இல் லுவோ செ-ஷி குழுவினர் விவரித்தார்கள். மண்டையோட்டின் நீளம் 12 மில்லிமீட்டர், உயிரோடு இருந்தபோது எடை 2 கிராம் இருந்திருக்கும் என்பது மதிப்பீடு. அந்தச் சின்னத் தலையில் மூளைக்கு ஒதுக்கிய இடம் பெரிது, காதெலும்புகளும் தாடையை விட்டுப் பிரிந்திருந்தன. 2011இல் அதே சீனத்தின் லியாவோனிங்கிலிருந்து வந்த லியாவோகோனோடான் இடைப்பட்ட நிலையைக் காட்டியது: எலும்பாக இறுகிய மெக்கல் தண்டு காதெலும்புகளைத் தாடையோடு இணைத்துப் பிடித்திருந்தது. வயதில் ஹாட்ரோகோடியத்துக்குப் பல கோடி ஆண்டுகள் பிந்தியது, வளர்ச்சியிலோ பின்தங்கிய நிலை. பரிணாமம் ஒரே ஏணியில் ஏறிப் போகவில்லை. தாடையிலிருந்து காது பிரிந்தது வெவ்வேறு கிளைகளில் தனித்தனியாக, ஒன்றுக்கு மேற்பட்ட முறை நடந்திருக்கிறது என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் கருத்து.

பற்களிடமும் கேட்க வேண்டியது நிறைய. ஊர்வனவற்றுக்கு ஆயுள் முழுக்கப் பல் விழுந்து முளைத்துக்கொண்டே இருக்கும். மோர்கனுகோடானுக்கு நம்மைப் போல இரண்டே தொகுதிதான்: பால் பற்கள், பிறகு நிலைப் பற்கள். குட்டி பல்லில்லாமலே வளர முடிந்திருக்கிறது. அப்படியானால் தாய் பால் கொடுத்திருக்க வேண்டும். பால் கல்லாகாது. ஆனாலும் தாய்ப்பாலுக்கு இப்படி ஒரு சாட்சி மிச்சமிருக்கிறது. அதே பற்களின் வேரை மூடிய சிமெண்டம் படலத்தில் ஆண்டுக்கு ஒன்றாக வளையங்கள் உண்டு. 2020இல் சின்க்ரோட்ரான் என்ற துகள் முடுக்கியின் எக்ஸ் கதிர்களால் அவற்றை எண்ணிப் பார்த்தார்கள். மோர்கனுகோடான் 14 ஆண்டுகள் வரை வாழ்ந்திருக்கிறது. அதே அளவுள்ள இன்றைய மூஞ்சூறு ஓரிரு ஆண்டுகளில் வாழ்ந்து முடித்துவிடும். உடம்பு பாலூட்டியாக மாறிக்கொண்டிருக்க, உயிர் மட்டும் இன்னும் ஊர்வனவற்றின் நிதானத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

இனி அந்தப் பள்ளிப்பாட வரிக்கு வருவோம். பயந்து பதுங்கியிருந்தன என்றால், 16.4 கோடி ஆண்டுகளுக்கு முன் இன்றைய உள்மங்கோலியாவின் நீர்நிலைகளில் தட்டையான வாலை அடித்து நீந்தி மீன் பிடித்த காஸ்டொரோகௌடாவை எங்கே வைப்பது? அதன் அடர்ந்த ரோமத்தின் தடம்கூடப் பாறையில் பதிந்திருக்கிறது. அதே பகுதியில் கால்களுக்கு இடையே விரிந்த தோல் சவ்வோடு மரம் விட்டு மரம் மிதந்த வோலாடிகோதேரியம் இருந்தது. 12.5 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ரெபெனோமாமஸ் இன்னும் ஒரு படி மேலே போனது. 2005இல் விவரிக்கப்பட்ட ஒரு எலும்புக்கூட்டில், வயிறு இருந்த இடத்தில் சிட்டகோசாரஸ் என்ற டைனோசர் குட்டியின் எலும்புகள் கிடந்தன. அந்த இனத்தின் பெரிய உறவு ஒரு மீட்டருக்கு மேல் நீளம், 12 முதல் 14 கிலோ எடை. டைனோசர் காலத்தில் டைனோசரைத் தின்ற பாலூட்டி இருந்தது.

இந்தச் சிறிய எலும்புகளுக்கு மரியாதை தேடித் தந்தவர்களில் ஒருவரைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. போலந்துக்காரர் சோஃபியா கீலன்-யாவோரோவ்ஸ்கா. ஜெர்மன் ஆக்கிரமிப்பில் வார்சாவில் ரகசியமாகப் படித்தவர். 1963 முதல் 1971 வரை போலந்து-மங்கோலியக் குழுக்களைக் கோபி பாலைவனத்துக்கு வழிநடத்திப் போனார். கோபியிலிருந்து வந்த டைனோசர்களை உலகம் கொண்டாடியது. அவர் கண் மல்டிடியூபர்குலேட்டுகள் என்ற கொறிக்கும் சிறு பாலூட்டிகளின் மண்டையோடுகளில் இருந்தது. பத்து கோடி ஆண்டுகளுக்கும் மேல் தழைத்து, டைனோசர்களை அழித்த பேரழிவையும் தாண்டி, பிறகே அற்றுப்போன வம்சம் அது. 2015இல் மறையும் வரை சோஃபியா அந்தத் துறையின் மூத்தவராக இருந்தார்.

நம் நாட்டுக்கு வருவோம். பிராணஹிதா-கோதாவரிச் சமவெளியின் கோட்டா பாறைகளில் கிடைத்த ஜுராசிக் காலப் பல்லுக்கு 1981இல் கோட்டாதேரியம் ஹால்டேனி என்று பெயர் வைத்தார்கள். இந்தியாவைத் தன் நாடாக ஏற்றுக்கொண்ட உயிரியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேனின் நினைவு அது. 1988இல் தெலங்கானாவின் விகாராபாத் பக்கம் நஸ்கல் என்ற கிராமத்திலிருந்து ஜி.வி.ஆர். பிரசாத்தும் அசோக் சாஹ்னியும் இந்தியாவின் முதல் கிரெட்டேசியஸ் காலப் (டைனோசர் யுகத்தின் கடைசிக் கட்டம்) பாலூட்டியை அறிவித்தார்கள். அதுதான் டெக்கனோலெஸ்டெஸ். தக்காணத்தில் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பாய்ந்தபோது, ஓர் அடுக்குக்கும் அடுத்த அடுக்குக்கும் நடுவே சில காலம் குளங்களும் செடிகொடிகளும் இருந்தன. அந்த இடைப்படிவுக் களிமண்ணில்தான் இந்தப் பற்கள்.

வேலை எப்படி நடக்கிறது தெரியுமா? களிமண்ணை மூட்டை மூட்டையாக எடுத்துவந்து நன்றாகக் காயவைப்பார்கள். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பிறகு தண்ணீர் விட்டால் கட்டி தானாகக் கரையும். நுண்ணிய சல்லடையில் அலசி, தங்கியதைக் காயவைத்து, மைக்ராஸ்கோப்புக்கு அடியில் மணி மணியாகப் பொறுக்க வேண்டும். மீன் பல், முதலைப் பல், முட்டையோட்டுத் துணுக்கு எல்லாம் வரும். பாலூட்டியின் பல் அபூர்வம். கிடைத்தாலும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான்.

அப்படிக் கிடைத்தவற்றின் உறவுமுறையைப் பாருங்கள். டெக்கனோலெஸ்டெஸின் கணுக்கால் எலும்புகள் அது மரமேறி என்று காட்டின. குரங்கினத்துக்கு நெருக்கமோ என்றுகூட ஒரு காலத்தில் யோசித்தார்கள். 2011இல் வந்த ஆய்வு, நஞ்சுக்கொடிப் பாலூட்டிகளின் அடிமரத்துப் பக்கம் அதை வைத்தது. ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் கிடைத்த ஒரு குடும்பத்தோடு அதற்கு நெருங்கிய உறவு. அதே நஸ்கலிலும், கர்நாடகத்தின் கோகாக்கிலும், மத்தியப் பிரதேசத்தின் கிசல்புரியிலும் கிடைத்த இன்னொரு பல்லோ தெற்கே கைகாட்டுகிறது. அது பாரத்தேரியம். மடகாஸ்கரிலும் அர்ஜென்டினாவிலும் வாழ்ந்த கோண்ட்வானாதேரியங்கள் என்ற பாலூட்டி வகையின் பங்காளி. 2007இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே அதற்குப் பெயர் வைத்தன. தக்ஷிணா என்பது மற்றொரு பெயர். பாரத்தேரியமே நிலைத்தது. கடலில் தீவாக வடக்கே நகர்ந்துகொண்டிருந்த இந்தியாவில், வடக்கு உறவும் தெற்கு உறவும் ஒரே மண்ணில் பக்கத்துப் பக்கத்து வீடாக வாழ்ந்திருக்கின்றன. வடக்கத்தி உறவு தீவுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று அறிஞர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

வாதம் இந்தத் துறையில் அன்றாடச் சோறு. 2013 ஆகஸ்டில் நேச்சர் இதழின் ஒரே வெளியீட்டில் இரண்டு கட்டுரைகள். சீனத்தில் கிடைத்த அர்போரோஹராமியாவை ஒரு குழுவும் மெகாகோனஸை மற்றொரு குழுவும் விவரித்தன. இரண்டும் ஹராமியிட் என்ற பழங்காலப் பிராணி வகை. ஒரு கட்டுரைப்படி அந்த வகை பாலூட்டிக் குடும்பத்துக்கு உள்ளே, மற்றதன்படி வெளியே. எது சரி என்பதைப் பொறுத்துப் பாலூட்டிகளின் தொடக்கமே நாலு கோடி ஆண்டுகள் முன்னே பின்னே போகும்.

நமக்கும் ஒரு திருத்தம் வந்தது. மத்தியப் பிரதேசத்தின் டிக்கி பாறைகளிலிருந்து ஒரே ஒரு மேல் கடைவாய்ப் பல்லை வைத்து, டைனோசர்கள் தோன்றிய டிரையாசிக் காலத்து டிக்கிதேரியம் என்று 2005இல் அறிவித்திருந்தார்கள். உலகின் மிகப் பழைய பாலூட்டி உறவுகளில் ஒன்றாகக் கருதப்பட்ட பல் அது. 2024இல் ரஷ்ய ஆய்வாளர்கள் இருவர் மறுபடி ஆராய்ந்து, மிகவும் பிந்திய காலத்து மூஞ்சூறின் பல் என்று முடிவு செய்தார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இருபது ஆண்டுகள் கழித்தும் ஒருவர் அந்த ஒற்றைப் பல்லை மதித்துத் திரும்ப உட்கார்ந்து பார்த்தாரே, அதற்காகத்தான் இந்தத் துறை மேல் எனக்கு இவ்வளவு பிரியம்.

உள்ளே விரிவான கட்டுரைகளும், தாடை மூட்டைக் காட்டும் முழுப்பக்கப் படமும் இருக்கின்றன. ஆசிரியர்கள் அந்தப் படத்தை வகுப்பில் ஒட்டிக்கொள்ளலாம். பிள்ளைகள் கேட்கும் கேள்விகளை எங்களுக்கு அனுப்புங்கள்.

ஒரு செய்திக்காக நான் காத்திருக்கிறேன். கோண்ட்வானாதேரியங்களுக்கு நெடுங்காலம் பற்களும் தாடைத் துண்டுகளும் மட்டுமே அடையாளம். 2014இல் மடகாஸ்கரிலிருந்து வின்டானாவின் மண்டையோடு வெளியானது. மீன் படிவங்களுக்காக வெட்டி எடுத்த பாறையை ஸ்கேன் செய்தபோது உள்ளே இருந்தது தெரிந்ததாம். 2020இல் அதே தீவிலிருந்து அடலதேரியத்தின் ஏறக்குறைய முழு எலும்புக்கூடே வந்துவிட்டது. நம் பாரத்தேரியத்துக்கு இன்றுவரை உதிரிப் பற்கள்தான். தக்காணத்தின் களிமண் அடுக்குகளிலிருந்து அதன் மண்டையோடு வெளிவரும் மாதம், நம் அட்டைப்படம் அதுதான்.

அன்புடன்,
ஆசிரியர்